கண்மாய் மண்ணிலிருந்து புரவி வரை: அய்யனார் குதிரையை வேளார் முறையில் வனைய ஒரு முழுமையான வழிகாட்டி

சுடுமண் புரவியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் உயரத்தில் தொடங்கி அழகில் முடித்துவிடுகிறார்கள். இடையில் இருக்கும் வேலையைச் சொல்வதில்லை. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களில் கண்மாய்க் கரையோரம் நிற்கும் அய்யனார் குதிரைகளில் 2 அடிக் குதிரையும் உண்டு, 15 அடியைத் தாண்டியதும் உண்டு. பழைய முறையில் வனைந்தவற்றுக்குள் இரும்புக் கம்பி கிடையாது. மண் தன் எடையைத் தானே தாங்கி நிற்கிறது. அது எப்படி நிற்கிறது என்பதைக் கைப்பட அறிந்துகொண்டால், ஒரு ஊர் ஏன் அதைச் செய்து, தோளில் சுமந்து, கோயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறது என்பதும் விளங்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஆகவே இந்த வழிகாட்டியை ஒரு அடி உயரக் குதிரை ஒன்றை நீங்களே வனையும் வகையில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு படியிலும், இந்தக் குதிரைகளை வனையும் குயவர்களான வேளார்கள் பெரிய புரவிக்கு என்ன செய்கிறார்கள், அந்தப் படிக்கு ஊர் என்ன பொருள் கொடுத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு மாதம் ஒதுக்குங்கள். அதில் பெரும்பகுதி மண் ஊறுவதற்கும் காய்வதற்கும் போய்விடும். கை வேலை சில நாட்களுக்குத்தான்.

யாருக்காக இந்தக் குதிரை

அய்யனார் எல்லைக் காவல் தெய்வம். துணைவியரான பூரணை, புஷ்கலை இருவரும் பக்கத்தில் இருக்க, கருப்பரும் பிற பரிவார தெய்வங்களும் சூழ, ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையிலோ கோயில்காட்டிலோ அமர்ந்திருப்பார். இரவில் குதிரை ஏறி எல்லையைச் சுற்றி வருகிறார் என்பது ஊரின் நம்பிக்கை. கண்மாய் உடையாமல், களவு போகாமல், நோய் நுழையாமல் காப்பது அவர் பொறுப்பு. அந்தக் காவலுக்கு ஊர் கொடுக்கும் ஊர்திதான் புரவி.

தென் மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் குதிரை எளிதாகக் கிடைத்த விலங்கு இல்லை என்பதை இங்கே மறக்கக் கூடாது. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. அவற்றில் ஏறியவர்கள் அரசரும் படைத்தலைவர்களும். உழவரின் தொழுவத்தில் மாடு நின்றது, குதிரை நின்றதில்லை. தனக்கு ஒருநாளும் வாய்க்காத ஊர்தியைத் தன் காவலருக்கு ஒரு ஊர் தன் கண்மாய் மண்ணாலேயே செய்து கொடுத்தது. இந்தக் கலையில் என்னை மிகவும் நெகிழ வைப்பது இதுதான்.

குதிரையைச் செய்து, சுமந்து சென்று கோயிலில் நிறுத்துவதைப் புரவி எடுப்பு என்பார்கள். புரவி ஊர்ப் பொதுவாகவும் எடுக்கப்படும், தனி நேர்த்திக்கடனாகவும் எடுக்கப்படும். மழைக்கு, மாட்டு நோய் தீர, பிள்ளை வரத்துக்கு என்று முன்பு வேண்டிக்கொண்டார்கள். இன்று வேலை கிடைக்க, வெளிநாடு போக, வழக்கு முடிய என்றும் வேண்டுகிறார்கள். வேண்டுதலுக்கு ஏற்ப உருவமும் மாறும். பிள்ளை பிறந்தால் தவழும் பிள்ளை, உடல் நலம் பெற்றால் மதலை எனப்படும் மனித உருவம், கண் நோய் தீர்ந்தால் மண்ணில் செய்த கண், கால் வலி தீர்ந்தால் கால். காளை, யானை, நாய், நாகம் எல்லாம் உண்டு. ஒரு அய்யனார் கோயிலின் முற்றத்தில் கிடக்கும் சின்னச் சின்ன மண் உருவங்களை நின்று பார்த்தால், அந்த ஊருக்கு என்ன கவலைகள் இருந்தன, எவை தீர்ந்தன என்று சொல்லிவிடலாம்.

முதல் வேலை: மண் எடுத்தல்

புரவி எடுப்பது என்று ஊர் கூடி முடிவு செய்ததும், ஊர்ப் பெரியவர்கள் வேளாரிடம் ஒரு பிடி மண் கொடுப்பார்கள். பிடிமண் கொடுத்தல் என்று இதற்குப் பெயர். கோயிலிலிருந்தோ கண்மாயிலிருந்தோ எடுத்த அந்த ஒரு பிடியை வேளார் வாங்கி, தான் வனையப்போகும் மண்ணோடு கலந்துவிடுவார். அதன்பின் அந்த மண் விலைக்கு வாங்கிய பொருளாக இருப்பதில்லை. விரதமும் அப்போதே தொடங்கிவிடுகிறது. சடங்கின் விவரம் ஊருக்கு ஊர் வேறுபடும், ஆனால் பிடிமண் இல்லாமல் வேலை தொடங்குவதில்லை.

பெரும்பகுதி மண் கண்மாயிலிருந்தே வரும். கோடையில் நீர் வற்றியதும் அடியில் படிந்த களிமண்ணை வெட்டி எடுப்பார்கள். இதனால் மழைக்கு முன்பே கண்மாய் கொஞ்சம் ஆழமாகும். அய்யனார் காக்கும் கண்மாயின் மண் அவருக்கே குதிரையாகி, சில ஆண்டுகளில் அதே கரையில் உதிர்ந்து கிடக்கும். இந்தச் சுற்று உடைந்த காலமும் உண்டு. மண் எடுக்க அனுமதி வாங்குவதற்கு வேளார்கள் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது. மண்பாண்டத் தொழிலாளர்களும் உழவர்களும் ஏரி, கண்மாய்களில் கட்டணமின்றி மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும்படி 2024இல் தமிழ்நாடு அரசு நடைமுறையை எளிதாக்கியது. தாமதமாக வந்தாலும் நல்ல முடிவு.

உங்கள் சிறிய குதிரைக்குப் பக்குவப்படுத்திய களிமண் 5 கிலோ போதும். அருகில் மண்பாண்டம் செய்பவர் இருந்தால் அவரிடமே வாங்குங்கள். அவருடைய மண் ஏற்கெனவே சூளை கண்டு தேறிய மண். நீங்களே எடுப்பதானால் மூன்று சோதனைகள் செய்து பாருங்கள்.

ஈர மண்ணைச் சுண்டுவிரல் பருமனில் திரியாக உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் வனைய ஏற்றது. அடுத்து, மண்ணைத் தட்டையாகத் தட்டி அதில் 10 செ.மீ. நீளக் கோடு கீறிக் காயவையுங்கள். காய்ந்தபின் கோடு 9 செ.மீ.க்கும் கீழே சுருங்கியிருந்தால் மணல் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் குதிரை காயும்போதே வெடிக்கும். கடைசியாக, மண்ணில் வெள்ளைத் துகள்கள் தெரிந்தால் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். அந்த மண்ணை ஒதுக்கிவிடுங்கள். சூளையில் வெந்த சுண்ணாம்பு பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். நன்றாக வந்த குதிரையின் முகத்தில் சில நாள் கழித்துச் சில்லு தெறிப்பது இதனால்தான்.

மண் மிதித்தல்

மண்ணை உடைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீரில் இரண்டு மூன்று நாட்கள் ஊறவிடுங்கள். கரைத்து, துணியிலோ சல்லடையிலோ வடித்து, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை நிழலில் உலர்த்துங்கள். பிறகு 4 பங்கு களிமண்ணுக்கு 1 பங்கு மெல்லிய மணல், அரைப் பங்கு உமி சேர்த்து மிதியுங்கள். இந்த அளவு ஒரு தொடக்கம்தான். உங்கள் மண்ணின் சுருக்கத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மணல் சுருக்கத்தைக் குறைக்கிறது. உமி சூளையில் எரிந்து மண்ணுக்குள் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. அந்தத் துளைகள் வழியே ஆவி வெளியேறுகிறது, எடையும் குறைகிறது. பெரிய புரவியில் உமியும் நறுக்கிய வைக்கோலும் தாராளமாகச் சேரும், சுவரும் தடிமனாக இருக்கும். பானை மண்ணையும் புரவி மண்ணையும் கையில் எடுத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். பானை மண் வழவழப்பாக இருக்கும், புரவி மண் சொரசொரப்பாக விரலில் உரசும்.

குதிகாலால் நடுவிலிருந்து வெளியே மிதித்து, மடித்து, மறுபடி மிதிக்க வேண்டும். வெட்டிப் பார்த்தால் காற்றுக் குமிழ் எதுவும் தெரியக் கூடாது. மிதித்த மண்ணை ஈரச் சாக்கில் சுற்றி ஒரு வாரம் வைத்தால் இன்னும் நன்றாக இழையும்.

கால்கள்

புரவி காலிலிருந்துதான் வளர்கிறது. முதலில் உடலைச் செய்து பிறகு கால் ஒட்டலாம் என்று நினைப்பவர்கள் பலர். அப்படிச் செய்தால் ஈர உடலின் எடையில் கால் மடங்கும்.

மண்ணை விரல் பருமனுக்குத் தட்டி, கைப்பிடி தடிமனுள்ள குச்சியில் சுற்றி, ஓரங்களை இணைத்து, குச்சியை உருவிவிடுங்கள். 12 செ.மீ. உயரத்தில் நான்கு குழாய்கள் வேண்டும். கீழ்ப்பகுதி சற்று அகன்று குளம்பாகட்டும். அடி திறந்தே இருக்கட்டும். நான்கையும் ஒரு பலகையில், மேலே சற்று உள்பக்கம் சாயும்படி நிறுத்துங்கள். மேல் விளிம்பில் ஈரத் துணி போட்டு மூடி, கீழ்ப்பகுதி இறுகும்வரை அரை நாள் விடுங்கள்.

வேளார்களில் சிலர் கால்களைச் சக்கரத்தில் வனைவார்கள், சிலர் திரி திரியாக அடுக்கிக் கையால் எழுப்புவார்கள். பெரிய புரவி என்றால் அது நிற்கப்போகும் இடத்திலோ சூளை வைக்கும் இடத்திலோதான் கால் ஊன்றும். ஈரமாக இருக்கும்போது அதை நகர்த்தவே முடியாது. உள்ளே ஒரு கை கூழாங்கல்லைப் பிடித்திருக்க, வெளியே மறு கை மரப்பலகையால் தட்டிக்கொண்டே போகும். தட்டத் தட்ட மண் இறுகி, திரிகளின் தடம் மறையும். ஒரு நாளில் ஓரளவுக்கு மேல் உயர்த்துவதில்லை. கீழே இறுகினால்தான் மேலே ஏற்றலாம்.

வயிறு: புரவி நிற்பதும் விழுவதும் இங்கேதான்

இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். நான்கு தனித்தனிக் குழாய்கள் ஒரே உடலாக மாறும் இடம் இது. உடைந்த புரவிகளில் பெரும்பாலானவை காலும் வயிறும் சேரும் இடத்தில்தான் விட்டிருக்கும்.

முன்னங்கால் இரண்டுக்கும் பின்னங்கால் இரண்டுக்கும் இடையில் ஒரு சிறிய மண்பட்டையைப் பாலமாகப் போடுங்கள். பிறகு முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வயிற்றின் அடித்தட்டு. அதைத் தாங்க அடியில் வைக்கோல் கட்டு ஒன்றை இறுக்கி வையுங்கள். பெரிய புரவிக்கு மரக்கட்டைகளை முட்டுக் கொடுப்பார்கள்.

இணைப்பை இப்படிச் செய்யுங்கள். கால் குழாயின் மேல் விளிம்பை ஓர் ஈர்க்கால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். ஒட்டப்போகும் மண்ணிலும் அதேபோல் கீறுங்கள். அதே மண்ணைத் தயிர் பதத்தில் கரைத்துக் கீறல்களில் தடவுங்கள். அழுத்திப் பொருத்தி, இடமும் வலமும் மெல்ல அசைத்தால் ஓரத்தில் குழம்பு பிதுங்கி வரும். உள்ளே காற்று இல்லை என்பதற்கு அது அடையாளம். பிறகு புழு போன்ற மெல்லிய திரி ஒன்றை மூலையில் வைத்து, கட்டைவிரலால் இரண்டு பக்கமும் இழுத்து வழித்துவிடுங்கள். உள்பக்கமும் இதைச் செய்ய வேண்டும், அங்கே கண்ணுக்குத் தெரியாததால் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மண்ணும் ஒரே ஈரத்தில் இருப்பது மிக முக்கியம். இறுகிய காலில் ஈர மண்ணை ஒட்டினால் ஒட்டியது மட்டும் அதிகமாகச் சுருங்கி, கோடு போட்டதுபோல விலகிவிடும்.

அடித்தட்டு சற்று இறுகியதும் பக்கவாட்டுச் சுவர்களைத் திரி திரியாக எழுப்பி, மேலே குறுக்கிக்கொண்டே வந்து முதுகை மூடுங்கள். முழுவதும் மூடும் முன் உள்ளே வைக்கோல் திணித்துவிட்டால் முதுகு உள்ளே அமுங்காது, சூளையில் அது எரிந்துவிடும். சுவரின் தடிமன் எங்கும் 1 செ.மீ. அளவில் சீராக இருக்கட்டும். வயிற்றின் அடியில் ஒரு விரல் நுழையும் துளை விடுங்கள். கால் குழாய்களின் உள்ளும் வயிற்றின் உள்ளும் ஒன்றோடொன்று திறந்திருக்க வேண்டும். அடைபட்ட காற்றும் ஈரமும் சூளையில் வெடிக்கும். பெரிய புரவிகளின் அடியில் குனிந்து பார்த்தால் இப்படிப்பட்ட திறப்புகளைக் காணலாம்.

கழுத்து, தலை, அணிகள்

அய்யனார் புரவி ஓடுகிற குதிரையாக இருப்பதில்லை. நான்கு காலும் ஊன்றி, மார்பை நிமிர்த்தி, கழுத்தைச் செங்குத்தாக உயர்த்தி, காதை விடைத்து நிற்கும். கண் பிதுங்கியிருக்கும், வாய் சற்றுத் திறந்து பல் தெரியும். ஆள் ஏறினால் அந்தக் கணமே புறப்படத் தயாரான நிலை. உண்மைக் குதிரையின் அளவுகளோடு ஒப்பிட்டு, கால் குட்டை, கழுத்து தடிமன் என்று குறை சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். காவல் நிற்கும் குதிரைக்கு இந்த உருவம்தான் பொருத்தம். எடையைத் தாங்கவும் தடித்த கால் வேண்டும். தேவையும் அழகும் இங்கே ஒன்றாகவே வளர்ந்திருக்கின்றன.

கழுத்தையும் குழாயாகவே எழுப்புங்கள். தலையைத் தனியாகச் செய்து, பின்பக்கம் குடைந்து, கழுத்தோடு பொருத்துங்கள். வாயையும் மூக்குத் துளையையும் உள்வரை குத்திவிட்டால் அவையும் ஆவி போகும் வழியாகும். வாலைத் தொங்கவிடாமல் பின்னங்காலோடு ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் முதலில் உடைவது அதுதான்.

அணிகள் மண் பாதி இறுகிய நிலையில் ஏற வேண்டும். நெற்றிப்பட்டம், கடிவாளம், கழுத்தில் சலங்கை மாலை, முதுகில் சேணம், பிடரி. சலங்கைக்குச் சிறு உருண்டைகளை வரிசையாக ஒட்டி, ஈர்க்கால் ஒவ்வொன்றிலும் ஒரு கீறல் போட்டால் போதும். பெரிய புரவிகளில் மார்பில் பூக்களும் யாளி முகமும் வரும், சில இடங்களில் முன்னங்கால்களுக்கு அருகே காவல் வீரர்கள் நிற்பார்கள். ஒவ்வொரு வேளார் குடும்பத்துக்கும் பிடரி வைப்பதில், கண் வைப்பதில் ஒரு கைப்பழக்கம் உண்டு. பழகியவர்கள் அதைப் பார்த்தே இது எந்த ஊர்க் கை என்று சொல்லிவிடுகிறார்கள்.

காயவைத்தல்

நிழல். காற்று நேராக அடிக்காத இடம். முதல் மூன்று நாட்கள் மெல்லிய துணி போர்த்தி வையுங்கள். காது, வால் போன்ற மெல்லிய பகுதிகள் வயிற்றுக்கு முன்பே காய்ந்துவிடாமல் இருக்க அது உதவும். சிறிய குதிரைக்கு இரண்டு வாரம் ஆகும். பெரிய புரவிக்கு வாரக்கணக்கில் ஆகும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

சூளை

100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது மண்ணில் மிஞ்சிய ஈரம் ஆவியாகும். வேகமாகச் சூடேற்றினால் அந்த ஆவி சுவரைப் பிளக்கும். சுமார் 450 முதல் 600 டிகிரிக்குள் களிமண்ணின் உள்ளமைப்பிலேயே பிணைந்திருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் அதை எத்தனை நாள் தண்ணீரில் போட்டாலும் மறுபடி சேறாகாது. திறந்தவெளிச் சூளை ஏறக்குறைய 700, 800 டிகிரி வரை போகும். புரவிக்கு அது போதும்.

வீட்டு மாடியில் இதைச் செய்யாதீர்கள். வெட்டவெளி வேண்டும், மேலே மின்கம்பியோ மரக்கிளையோ இருக்கக் கூடாது, குழந்தைகள் அருகில் வரக் கூடாது, பருத்தி ஆடை அணிய வேண்டும். அருகில் வேளார் சூளை இருந்தால், அவர் பானைகளோடு உங்கள் குதிரைக்கும் ஒரு இடம் கேளுங்கள். அதுதான் சிறந்த வழி; கூலியை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

நீங்களே வைப்பதானால் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி, அவற்றின்மேல் குதிரையை நிறுத்துங்கள். சுற்றிலும் சற்றுத் தள்ளி வறட்டியைச் சிறிதாகக் கொளுத்தி, மூன்று நான்கு மணி நேரம் வெறும் புகையும் வெதுவெதுப்பும் படும்படி விடுங்கள். பிறகு குதிரையைச் சுற்றிக் காய்ந்த வறட்டி, தேங்காய் மட்டை, சுள்ளி அடுக்கி, மேலே வைக்கோல் போர்த்தி, வைக்கோல்மேல் சேறு பூசுங்கள். அடியில் நான்கு பக்கமும் காற்றுத் துளை, உச்சியில் ஒரு புகைத் துளை. கீழிருந்து கொளுத்துங்கள். சேற்றுப் பூச்சு வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். எரிந்து முடிந்ததும் தொடாதீர்கள். மறுநாள் சாம்பல் ஆறியபின் பிரியுங்கள். சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டாலே விரிசல் ஓடும், தண்ணீர் தெளிப்பதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

காற்று நன்றாகப் பட்ட பகுதி மண்ணிலுள்ள இரும்பால் சிவந்திருக்கும், புகை அடைபட்ட பகுதி கறுத்திருக்கும். ஒரே குதிரையில் இரண்டும் வருவது இயல்பு, அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. விரல் கணுவால் தட்டுங்கள். கணீரென்றால் வெந்திருக்கிறது. மந்தமான ஓசை வந்தால் வேகவில்லை, அல்லது எங்கோ விரிசல் இருக்கிறது.

பெரிய புரவியை நின்ற இடத்திலேயே சூழ அடுக்கிச் சுடுவதும் உண்டு. கால், உடல், கழுத்து, தலை என்று தனித்தனியாகச் சுட்டு இணைப்பதும் உண்டு. முழுதாகச் சுடும் வேளாருக்கு அந்த இரவு தூக்கம் கிடையாது. பல வார வேலை, ஊரின் வேண்டுதல் இரண்டும் அந்த நெருப்புக்குள் இருக்கின்றன. புரவி வெடித்தால் அதை மண்ணின் குற்றமாக ஊர் பார்ப்பதில்லை, விரதத்தில் ஏதோ குறை என்றே பேசும். வேளார் சூளைக்குப் பூசை வைத்துவிட்டே கொளுத்துவதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

வண்ணமும் கண் திறப்பும்

பழைய முறையில் சுண்ணாம்பு வெள்ளை, காவி, கரி ஆகிய மூன்றுமே வண்ணங்கள். சிறிய குதிரைக்கு இவை போதும். சுண்ணாம்பை மெல்லியதாக இரண்டு முறை பூசி, காய்ந்தபின் அணிகளைக் காவியால் எடுத்துக் காட்டுங்கள். இப்போது எனாமல் பெயின்ட் எங்கும் வந்துவிட்டது. பார்வைக்குப் பளிச்சென்று இருந்தாலும் அது மண் மூச்சுவிட வழியில்லாமல் செய்கிறது. உள்ளே இறங்கிய மழை ஈரம் வெளியேற முடியாமல் பட்டை பட்டையாக உரிகிறது.

கோயில் புரவிக்கு முழு வண்ணம் தீட்டினாலும் கண் கடைசிவரை காத்திருக்கும். விழா நாளில் பூசை செய்து வேளார் கண் திறந்தபின்தான் அது தெய்வத்தின் புரவி. அதுவரை அவர் கையால் அதட்டித் தட்டிய மண், அந்த நொடியிலிருந்து அவரே வணங்கும் பொருளாகிவிடுகிறது. நீங்கள் வீட்டுக்கு வனைந்த குதிரைக்கு இந்தச் சடங்கு தேவையில்லை, கண்ணை வழக்கம்போலத் தீட்டிக்கொள்ளுங்கள்.

பல அய்யனார் கோயில்களில் வேளாரே பூசாரி. இது இன்று நேற்று வந்த உறவு இல்லை. நற்றிணையின் 200ஆம் பாட்டில் நொச்சிப் பூமாலை சூடிய குயவர் அகன்ற தெருவில் திருவிழாவை அறிவித்துக்கொண்டு போகிறார். முதுமக்கள் தாழி வனைந்தவரும் அவர்தான். ஊரின் சோற்றுப்பானை, சாவுக்கான தாழி, தெய்வத்தின் ஊர்தி மூன்றும் ஒரே கையிலிருந்து வந்திருக்கின்றன. இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமந்த மக்களைக் கைவினைஞர் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது போதாது என்று நினைக்கிறேன்.

புரவி எடுப்பு

விழா நாளில் ஊரார் மேளதாளத்துடன் வேளார் இருக்கும் இடத்துக்கு வருவார்கள். வேளாருக்கு வேட்டி, துண்டு, நெல், பணம் என்று மரியாதை செய்வார்கள். புரவிகளுக்கு மாலை, புதுத் துணி. மூங்கில் கழிகளில் வைக்கோல் புரி கொண்டு கட்டித் தோளில் ஏற்றுவார்கள். சிவகங்கைச் சீமையில் முதல் புரவி அரண்மனைப் புரவி, சமஸ்தானத்தின் பெயரால் செல்வது. அதன்பின் ஊர்ப் புரவி, நேர்த்திக்கடன் புரவிகள். சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயிலின் புரவி எடுப்பு இந்த வட்டாரத்தில் பேர் பெற்றது. யார் முன்னே தூக்குவது, யாருக்கு முதல் மாலை என்பதெல்லாம் ஊரின் உறவுகளையும் உரசல்களையும் வெளியே கொண்டுவரும். சில ஊர்களில் இதனாலேயே விழா ஆண்டுக்கணக்கில் நின்றுபோனதும் உண்டு. எல்லாச் சாதியாரும் கூடினால்தான் புரவி நகரும், கூடாவிட்டால் நகராது.

கோயிலில் நிறுத்தியதும் ஊரின் கடமை முடிந்தது. பழைய புரவியைப் பழுது பார்ப்பதில்லை. அதன் பக்கத்திலேயே புதியது வந்து நிற்கும். அதனால்தான் பல கோயில்களில் முழுக் குதிரையும், தலை போனதும், வெறும் கால்களும் ஒரே வரிசையில் இருக்கின்றன. இதைப் பராமரிப்பின்மை என்று எண்ணி சிமென்ட்டில் மாற்றிக் கட்டும் வழக்கம் பரவிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிமென்ட் குதிரை ஒருமுறை கட்டினால் முடிந்தது. அடுத்த முறை பிடிமண் கொடுக்க வேண்டியதில்லை, வேளாரை அழைக்க வேண்டியதில்லை, ஊர் கூட வேண்டியதில்லை.

செங்கல்லும் சாந்தும் கொண்டு கட்டும் சுதைக் குதிரைகளின் மரபு தனி என்பதையும் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் 33 அடிக் குதிரை அவ்வகைப் பெரும் படைப்பு. மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகளால் அதை மூடிவிடுகிறார்கள்.

பிற மண்ணின் குதிரைகள்

மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டம் பாஞ்ச்முரா குதிரை நீண்ட கழுத்தும் இலை போன்ற நிமிர்ந்த காதுகளும் கொண்டது. உறுப்புகளைச் சக்கரத்தில் வனைந்து இணைக்கிறார்கள். 2018இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ராஜஸ்தானின் மொலேலாவில் கழுதைச் சாணம் கலந்த மண்ணில் தெய்வ உருவங்களைப் பலகைபோல் புடைப்பாகச் செய்கிறார்கள், பில் முதலிய மக்கள் தொலைவிலிருந்து வந்து வாங்கிப் போகிறார்கள். குஜராத்தின் போஷினாவில் பழங்குடியினர் மண் குதிரைகளை மரத்தடியில் காணிக்கையாக நிறுத்துகிறார்கள். நம் பக்கத்தில் புதுச்சேரியின் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. அங்குள்ள கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பார்க்கவும் வாங்கவும்

புதுக்கோட்டை–காரைக்குடி சாலையில் நமணசமுத்திரம், அதே வட்டாரத்தில் இளங்குடிப்பட்டி ஆகிய இரண்டு அய்யனார் கோயில்களிலும் குதிரை வரிசைகளைக் காணலாம். சென்னையில் இருப்பவர்கள் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் அய்யனார் குதிரைகளைப் பார்க்கலாம், ஆனால் ஒருமுறையாவது கோயில்காட்டுக்கே போய்ப் பாருங்கள். குதிரை வரிசை தொடங்கும் இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள். பெண்கள் எதுவரை போகலாம், படம் எடுக்கலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும், பூசாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உடைந்து கிடக்கும் தலையையோ காலையோ நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள். அது யாரோ ஒருவரின் நிறைவேறிய வேண்டுதல்.

வீட்டுக்கு வேண்டுமானால் வேளாரிடம் சொல்லி வனையச் செய்யுங்கள். முன்பணம் கொடுங்கள், சூளையில் உடையும் இழப்பை அவர் தலையில் கட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணும் காயாது, சூளையும் எரியாது. அதனால் தை பிறந்தபின் சொல்லி, கோடையில் வாங்கிக்கொள்ளும்படி திட்டமிடுங்கள். எந்த விழாவுக்கு அவர் புரவி வனைகிறார் என்றும் கேட்டு வையுங்கள், அந்த நாட்களில் வெளி வேலை எடுக்க மாட்டார். வண்டியில் ஏற்றும்போது கழுத்தைப் பிடித்தோ காலைப் பிடித்தோ தூக்கக் கூடாது. வயிற்றின் அடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்கி, வைக்கோல் மெத்தைமேல் நிறுத்தி, கால்களுக்கு இடையிலும் வைக்கோல் திணித்துக் கட்டுங்கள்.